மக்குக் குழி பற்றி உங்களிடம் சில வார்த்தை

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

"பிள்ளையப் படிக்க அனுப்பினா குப்பை அள்ள விடுறீங்களே சார்?" என்று போன வாரம் ஓர் அம்மா வந்து கேட்டார். துவைத்துப் போட்ட சீருடையில் சாணிக்கறையைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளிடம் நாங்கள் வேலை வாங்கவில்லை. காய்த்தோலையும் சருகையும் மக்க வைத்து உரமாக்க, தோட்ட மூலையில் 3 அடி நீளம், 2 அடி ஆழத்தில் இருக்கும் மக்குக் குழிக்கு எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துப் போகிறார்கள். ஆசிரியர்களும் நானும் கூட நிற்கிறோம். இன்ன பிள்ளைதான் அள்ள வேண்டும் என்ற பேச்சு இந்தப் பள்ளியில் இருக்காது.

ஜூலையில் நாற்றம் அடித்தது உண்மை. தவறு என்னுடையது. மிஞ்சிய சோறு, சாம்பார் எல்லாவற்றையும் கொட்டவிட்டேன், சருகு போடவில்லை. மழைநீர் கோத்து, காற்றுப் புகாமல் எல்லாம் அழுகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு வாளி காய்த்தோலுக்கு மூன்று வாளி புங்கஞ்சருகு போடுகிறோம், சாணிக் கரைசல் தெளிக்கிறோம், வாரம் ஒருமுறை கிளறுகிறோம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. இந்தக் கணக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் காலையில் குழிக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இளஞ்சூடாக இருந்தது. "சார், உள்ள யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்க!" என்றாள் ஒரு சின்னப் பெண். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தோலையும் சருகையும் தின்னும்போது வரும் சூடு அது என்றேன். மறுநாள் தன் தம்பியையும் கூட்டிவந்துவிட்டாள்.

ஜூனில் வெங்காய வலைப்பையில் ஒரு வாழைப்பழத் தோலையும் ஒரு ஷாம்பு பாக்கெட்டையும் கட்டிப் புதைத்தோம். செப்டம்பரில் எடுத்தால் தோல் இருந்த இடமே தெரியவில்லை. பாக்கெட்டில் விலைகூட அழியவில்லை. "இது எப்ப சார் மக்கும்?" என்றான் ஒருவன். "நான் இருக்கிற வரைக்கும் மக்காதுடா" என்றேன்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு 'மக்கு' இப்போது வசவு இல்லை. "சூப்பரா மக்கிடுச்சு" என்று குதிக்கிறார்கள். வீட்டில் அந்தச் சொல்லைப் பிள்ளைகள்மேல் வீசாமல் இருந்தால் எனக்குப் பெரிய உதவி.

திங்கள், வியாழன் ஒரு கைப்பிடி காய்த்தோல், பழத்தோல், நொறுக்கிய முட்டை ஓடு, அலசிய டீத்தூள், நைலான் நூல் உருவிய வாடிய பூ, எது இருந்தாலும் பழைய தாளில் மடித்துக் கொடுத்தனுப்புங்கள். கேரி பேக் வேண்டாம். சமைத்தது, மீன், எலும்பு கண்டிப்பாக வேண்டாம். நாயும் எலியும் வந்துவிடும்.

மண்ணைத் தொட்டால் வயிற்றில் பூச்சி வருமா என்று சிலர் கேட்டீர்கள். மண்புழு வேறு, குடற்புழு வேறு. ஆனால் அசுத்தமான மண் கையோடு வாய்க்குப் போனால் குடற்புழு வரலாம். அதனால் சோப்புப் போட்டுக் கழுவாத கையோடு யாரையும் வகுப்புக்குள் விடுவதில்லை. கையில் காயம் இருந்தால் அன்று வேடிக்கை மட்டும்தான். வீட்டில் நகம் வெட்டிவிடுங்கள். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் விடுப்பு எடுக்க வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் குழிக்குக் கூரை போட வேண்டும். தென்னை வைத்திருப்பவர்கள் நான்கு கீற்று முடைந்து தந்தால் போதும். கம்பு எங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்