எங்கள் மகளின் மூச்சுக்குத் துணைநின்றவர்களுக்கு

எங்கள் மகளுக்குக் குரல்வளையில் வளரும் மருக்களை அகற்ற ஏழாவது முறையாக லேசர் அறுவை சிகிச்சை முடிந்து, சென்ற வெள்ளிக்கிழமை காசிமேட்டிலுள்ள வீட்டுக்குத் திரும்பினோம். இந்த மூன்றாண்டுகளாக எங்களோடு நின்றவர்களிடம் நேரில் நன்றி சொல்லப் போனால் அழுகை முந்திக்கொள்வதால், எழுதியே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் அவள் குரல் கம்மத் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டு ‘வீசிங்’ என்றே மருந்தும் நெபுலைசரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். குரல்வளையைப் பார்க்க வேண்டும் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூச்சை இழுக்கும்போது சீழ்க்கைபோல் ஒலியெழும்பி, நெஞ்சுக்குழி உள்வாங்கிய அந்த இரவில், என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். கதவைத் தட்டியதும் மறுபேச்சின்றி ஆட்டோவை எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தபடி மருத்துவமனைவரை வந்த பெரியம்மாவுக்கும் என் முதல் நன்றி. மறுநாள் விடியற்காலை ஏலத்துக்குப் போக முடியாமல், பெரியம்மா அன்றைய மீன் வியாபாரத்தையே இழந்தார்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மா, ஓ.பி. சீட்டின் பின்புறம் படம் வரைந்து காட்டினார். குரல் நாண்களின்மேல் திராட்சைக் கொத்துப்போல் மருக்கள். எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்னும் கிருமியின் 6, 11 ஆகிய வகைகளால் வருபவை. புற்றுநோய் அல்ல, ஆனால் மீண்டும் மீண்டும் வளர்ந்து மூச்சுவழியை அடைக்கும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றக்கூடும் என்றதும் நான் தலைகுனிந்தேன். பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, “இதில் உங்கள் தவறு எதுவுமில்லை அம்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

கரியமில வாயு லேசரின் ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சுவதால், மரு அடுக்கடுக்காக ஆவியாகிவிடுகிறது, இரத்தக்கசிவும் குறைவு. ஆனால் சுற்றியுள்ள உட்சவ்வில் கிருமி தங்கிவிடுவதால் மரு திரும்புகிறது. இரு குரல் நாண்களும் முன்னால் கூடுமிடத்தில், அவை ஒட்டிக்கொண்டுவிடக் கூடாதென்று, சிறிதளவு மருவை மருத்துவர் அம்மா வேண்டுமென்றே விட்டுவைத்தார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தால் மருக்கள் கீழ்நோக்கிப் பரவக்கூடும் என்பதால், அதையும் இதுவரை தவிர்த்துவந்திருக்கிறார். அறுவை செய்பவருக்கும் மயக்க மருத்துவருக்கும் இருப்பதோ அந்தச் சின்னஞ்சிறு மூச்சுவழி ஒன்றுதான். லேசர் சூட்டில் தீப்பற்றாதபடி ஆக்சிஜன் அளவைக் குறைத்துவைத்து, அதே வேளையில் அவள் மூச்சையும் காத்த மயக்க மருத்துவருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும்.

லேசர் படாமலிருக்கக் கண்களின்மேல் ஈரத்துணி வைப்பார்கள் என்று கேட்டு முதல்முறை அவள் மிரண்டபோது, செவிலியர் அக்கா அவளுடைய பொம்மையின் கண்களில் ஈரப்பஞ்சை வைத்துக் காட்டினார். இப்போதெல்லாம் பொம்மைக்கு வைத்த பிறகே அவள் உள்ளே போகிறாள்.

கத்திக் கூப்பிட முடியாத அவள் கையில் சிறு மணியொன்றைக் கொடுத்து, அது ஒலித்தால் வகுப்பே அமைதியாக வேண்டும் என்று பழக்கிய ஆசிரியைக்கும், போகியன்று எங்கள் வாசல் பக்கம் எதையும் எரிக்காமல் பார்த்துக்கொண்ட தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ அண்ணன் அந்தத் தேதியைத் தம் வீட்டு நாட்காட்டியில் ஏற்கெனவே வட்டமிட்டு வைத்துவிட்டார்.