செயலாளரின் ஆண்டறிக்கை: நற்பணிச் சங்கம், வேதாரண்யம் வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கண் சிகிச்சை முகாம், சுதந்திர தினக் கொடியேற்றம் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழுக் கூட்டங்களுக்கு வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம்.

பேரிடர் மருத்துவ நிதி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பக்கம் கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அரிசியும் போர்வையும் லாரி லாரியாக வந்தன. அனுப்பிய புண்ணியவான்களை மறக்க மாட்டோம். ஆனால் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் இருப்பு வைத்திருப்பவருக்கும் குளிர் வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் தேடிப் புயலுக்குப் பிறகு அலைந்து என்ன பயன்?

இதற்காகத்தான் இந்த நிதியைத் தொடங்கச் சொல்லி மன்றாடினேன். இப்போது நம் அலுவலக அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குளோரின் மாத்திரைகள், கட்டுத்துணி, டார்ச் விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் காலாவதித் தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜெனரேட்டருக்குத்தான் பணம் போதவில்லை.

பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். பேரிடர் மேலாண்மையும் அதில் அடங்கும். அப்படி ஒரு நிறுவனத்தை அணுகினோம். "புயல் வந்தால் சொல்லுங்கள், உடனே செய்கிறோம்" என்றார்கள். வந்த பிறகு கொடுப்பது நிவாரணம். நாம் கேட்டது அதுவல்ல, வருமுன் தயாராக இருப்பதற்கான உதவி. ரோட்டரி சங்கத்தார் 1985-இல் போலியோ ஒழிப்புக்கு நிதி திரட்டத் தொடங்கினார்கள். இந்தியாவின் கடைசிக் காட்டுவகை (இயற்கையில் பரவும் கிருமியால் வரும்) போலியோ பாதிப்பு மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது 2011 ஜனவரியில். இடைப்பட்ட அத்தனை ஆண்டும் அலுக்காமல் கொடுத்த தனிமனிதர்களின் பணமும் அந்த வெற்றியில் இருக்கிறது.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. கையிருப்பு திருப்திகரம் என்று சொல்வதற்கில்லை. சந்தா பாக்கி மட்டும் வசூலானால் ஜெனரேட்டர் விலையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பாக்கிதாரர் பட்டியலை இங்கே வாசிக்கப்போவதில்லை, பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மண்டபம் தந்த அன்பர் அனைவருக்கும் நன்றி.

ஐப்பசி மழைக்கு முன் ஜெனரேட்டரை இறக்கிவிட வேண்டும் என்பது என் விருப்பம். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு நம் சங்கத்துக்கு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்பதால் காசோலையாகத் தரலாம். ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்