துவரம் பருப்பும் பாமாயிலும் இரண்டாம் ஞாயிற்றுக்கு முன் கடைக்கு வர வேண்டி மனு

அனுப்புநர்
அரிசி குடும்ப அட்டைதாரர்கள் 43 பேர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: எங்கள் ஊர் ரேஷன் கடைக்குத் துவரம் பருப்பு, பாமாயில் மாதக் கடைசியில் வருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறவர்கள். மனுவை எழுதும் நான் செக்கிங் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வாரச் சம்பளம். வீட்டில் நாலு பேர்.

ரேஷனில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். போன மாதம் இரண்டும் கடையில் இல்லாமல் மளிகைக் கடையில் வாங்கினேன். பருப்பு 130, பாமாயில் பாக்கெட் 120. 55 ரூபாயில் முடிய வேண்டியது 250 ஆனது.

பொருள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். வருகிறது. 20 தேதிக்கு மேல் வருகிறது. அதுதான் எங்கள் சிக்கல். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறு ரேஷன் கடை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை லீவு. பின்பாதியில் ஞாயிறு லீவு. கம்பெனி ஆட்களுக்கு வசதியான அந்த இரண்டு ஞாயிற்றிலும் அரிசியும் சர்க்கரையும்தான் கிடைக்கின்றன. பருப்பு வரும்போது வார நாளில்தான் போக வேண்டும். எனக்கு அரை ஷிப்ட் போனால் 200 ரூபாய் போய்விடும். ரேஷனில் வாங்குவதால் மிச்சமாவது 195. அதாவது மலிவு விலைக் கடைக்குப் போனால் எனக்கு ஐந்து ரூபாய் நட்டம்!

போன மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஏழரைக்கே மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடம் தேங்காய் உடைத்த கை, ரேகை தேய்ந்து கிடக்கிறது. மெஷின் நாலு தடவை மறுத்து ஐந்தாவது தடவை எடுத்தது. இருப்புப் பலகையில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் எதிரே சாக்பீஸில் ஒரு கோடு. அந்தக் கோட்டையும் மூன்று மாதமாக யாரும் அழித்து எழுதவில்லை. "குடோன்ல இருந்து வரலைங்க, அடுத்த வாரம் பாருங்க" என்றார் விற்பனையாளர். அவரைத் திட்ட எங்களுக்கு மனமில்லை. இரண்டு கடைக்கு அவர் ஒருவர்தான். ஆனால் வரிசையில் நின்ற இரண்டு பேருக்கு, வாங்காத பருப்பை வாங்கியதாகப் பிற்பாடு செல்போனில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதை மட்டும் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் அரிசியும் பருப்பும் சாதம் என்பது விருந்துச் சாப்பாடு இல்லை என்பது தங்களுக்கே தெரியும். ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வந்து, ஒரே குக்கரில் வைத்து இறக்குவது. வாரத்தில் மூன்று ராத்திரி எங்களுக்கு அதுதான். இப்போது ஒரு டம்ளர் பருப்பு போட்ட இடத்தில் அரை டம்ளர் போடுகிறோம். பிள்ளைகள், "இது அரிசியும் அரிசியும் சாதம்" என்கிறார்கள்.

விலை ஏன் ஏறியது என்று வரிசையில் நடக்கும் சண்டையைச் சொன்னால் மனு நீண்டுவிடும். வியாபாரி பதுக்குகிறான் என்பார் ஒருவர். மத்திய அரசின் வரி என்பார் இன்னொருவர். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் இறக்குமதி வரி, செஸ் எல்லாம் சேர்த்து 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 ஆனது. 2025 மே கடைசியில்தான் 16.5க்கு இறங்கியது. உள்ளூர் எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்கத்தான் வரி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022இல் இந்தோனேசியா சில வாரம் ஏற்றுமதியையே நிறுத்தியபோது இங்கே பாக்கெட் விலை ஏறியதை நாங்கள் மறக்கவில்லை. இதெல்லாம் எங்கள் கையிலும் இல்லை, தங்கள் கையிலும் இல்லை. ஆனால் குடோனிலிருந்து லாரி எந்தத் தேதியில் கிளம்புகிறது என்பது இந்த மாவட்டத்துக்குள் முடிகிற வேலை.

அப்புறம் ஒன்று. பாமாயிலுக்குப் பதில் ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். கொப்பரைக் களங்களுக்கு நடுவே குடியிருந்துகொண்டு கப்பலில் வந்த எண்ணெய்க்கு வரிசையில் நிற்பது எங்களுக்கும் விநோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனதையும் பார்த்தோம். அதை 25 ரூபாய்க்குத் தர அரசு எவ்வளவு மானியம் போட வேண்டும் என்பது பெரிய கணக்கு, சென்னையில் முடிவாக வேண்டியது. அதை இந்த மனுவில் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பருப்பும் பாமாயிலும் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முன் எங்கள் கடையில் இறங்கியிருக்க வேண்டும். எந்த மாதமாவது அது முடியாமல் போனால், வாங்காதவர்கள் அந்தப் பங்கை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். 2024இல் மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் தந்தார்கள், ஆகவே இது புது வழக்கம் இல்லை. பொருள் கையில் வராமல் பில் போடக் கூடாது. இருப்புப் பலகையை அன்றன்றைக்கு எழுத வேண்டும்; பலகை சரியாக இருந்தால் மாமியாரை வீணாக நடக்க வைக்க மாட்டேன்.

விசாரணைக்கு அதிகாரி வருவதாக இருந்தால், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். மற்ற நாளில் வந்தால் எங்களில் பாதிப் பேர் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அட்டைதாரர்கள்

இணைப்பு: 43 பேரின் கையெழுத்து, குறுஞ்செய்தி நகல் இரண்டு.