பதினைந்து பேரும் ஒரே பெட்டியில் வேண்டாம்

பொன்மலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாம் பதினைந்து பேரும் அமெரிக்காவில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போக நீ அனுப்பிய பயணத் திட்டத்தைக் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வந்து, ரெண்டு நாளாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாய். அதனால்தான் எழுத்தில்.

முதலில் தேதி. டிசம்பர் கடைசி வாரம் என்று போட்டிருக்கிறாய். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை டிஸ்னி வேர்ல்டில் வருஷத்திலேயே அதிகக் கூட்டம். டிசம்பர் முதல் வாரத்துக்கு மாற்று. அலங்காரமெல்லாம் நவம்பரிலேயே கட்டிவிடுகிறார்கள், அதனால் பார்ப்பதற்கு ஒன்றும் குறையாது. பெரியவன் ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறான், ஒரு வாரம் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொரு காரணமும் உண்டு. சின்னவனுக்கு 12ஆம் தேதி மூன்று வயது முடிகிறது. அங்கே மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது. மூன்று முதல் ஒன்பது வரை சிறுவர் டிக்கெட், பத்து ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. உன் நாத்தனாரின் மூத்தவளுக்குப் பத்து ஆகிவிட்டது, அதை உன் கணக்கில் சிறுவர் என்றே போட்டிருக்கிறாய், திருத்திக்கொள். முதல் வாரம் போனால் சின்னவன் இலவசம். நியாயமாகவே இலவசம், பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் நம் டவுன் பஸ்ஸில் மூன்று வயது வரைதான் சும்மா. அம்மா கண்டக்டரிடம் “இன்னும் மூணு முடியலைங்க” என்று சொன்ன அதே நொடியில் நீ நாலு விரலைத் தூக்கிக் காட்டினாய். பஸ்ஸே சிரித்தது. அம்மா இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் திட்டத்தில் ஐந்து நாளும், டிஸ்னி வேர்ல்டின் நாலு பூங்காவிலும், காலை முதல் ராத்திரி வரை “எல்லோரும்”, “எல்லோரும்” என்றே எழுதியிருக்கிறாய். பதினைந்து பேர் எல்லோரும். முப்பது வருஷம் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். காசிக்கு, ராமேஸ்வரத்துக்கு என்று கூட்டமாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்து பெர்த்தில் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் பயணத்தையே தள்ளிப்போடுவார்கள். ரெண்டு பெட்டியாக வாங்கிக்கொண்டு, இறங்குகிற ஸ்டேஷனில் எந்த இடத்தில் நிற்பது என்று பேசிவைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாகப் போய்வந்தார்கள்.

இதை உனக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முழுசாக இதுவரை சொன்னதில்லை. 1996, உனக்கு ஐந்து வயது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பம் என்று 17 பேர் ரெண்டு வேனில் சென்னைக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். நீ பெரியப்பாவோடு ராட்டினத்துக்குப் போயிருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா நீ அத்தையோடு பாத்ரூம் போயிருப்பதாக. அத்தை நீ அம்மாவிடம் இருப்பதாக. அம்மா மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, புளியோதரைப் பொட்டலங்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் கூடையில் ஒரு பொட்டலம் மிஞ்சியது. அவள் தலைகளை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். அப்புறம் அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே ஓட ஆரம்பித்தாள்.

நாற்பது நிமிஷம். யாரோ ஒரு குடும்பத்தோடு நிழலில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தின்றுகொண்டிருந்தாய். நீ காணாமல் போனது உனக்கே தெரியாது. அழுததெல்லாம் நாங்கள்தான். பொட்டலம் அம்மா கையில் நசுங்கி, எண்ணெய் முழங்கை வரை வழிந்திருந்தது.

பத்துப் பேர் பெரியவர்கள் இருக்கிறோம், பிள்ளைகள் ஐந்துதான் என்று நீ தைரியமாக இருக்காதே. பத்துப் பேரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் கணக்கு. எந்தப் பிள்ளை எந்த மணியிலிருந்து எந்த மணி வரை யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுது. கைமாற்றும்போது “இனி உங்களிடம்” என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். பிள்ளைகள் மணிக்கட்டில் உன் போன் நம்பரை எழுதிவிடு. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருப்பார்கள், சொந்த ஊர்ப் பெயரும் அதில் இருக்கும். வழி தவறினால் அந்தப் பட்டை போட்டவரிடம் போய் நில் என்று பெரியவனுக்கு இப்போதிருந்தே சொல்லிவை. தனியாக நிற்கிற பிள்ளையை அவர்கள் பேபி கேர் சென்டருக்குக் கூட்டிப்போவார்கள். நாலு பூங்காவிலும் அது உண்டு. சின்னவனுக்கு டயப்பர் மாற்ற, சோற்றைச் சூடுபண்ணி ஊட்ட எப்படியும் நீ அங்கேதான் போகவேண்டியிருக்கும். உள்ளே நுழைந்ததும் அது எங்கே என்று பார்த்துவிடு.

பெரியவனிடம் ஸ்பேஸ் மவுன்டன் என்கிற இருட்டு ரோலர் கோஸ்டரில் போகலாம் என்று யார் சொன்னது? போன வாரம் வீடியோவில் அதையேதான் பேசிக்கொண்டிருந்தான். அதற்கு 112 செ.மீ. உயரம் வேண்டும். அவன் 109 என்று நீதான் சொன்னாய். வாசலில் அளவுகோலோடு நிற்பார்கள், அரை செ.மீ. குறைந்தாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நம் வீட்டு நிலைப்படியில் உனக்கும் தம்பிக்கும் பென்சில் கோடு போட்ட மாதிரி அங்கேயும் ஒரு கோடு போடு. பக்கத்தில் 112இல் ஒரு கோடு, 97இல் ஒரு கோடு. ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் என்று இன்னொரு ரைடு, அதற்கு 97 போதும், அதில் அவன் தாராளமாக ஏறலாம், தம்பி மகளும் ஏறிவிடுவாள். வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டால், இவ்வளவு தூரம் போய் வரிசையில் நின்று அழவேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் ஸ்பேஸ் மவுன்டன் போகவேண்டுமா, போங்கள். ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, வாசலில் கேள். ஒருவர் போய்வரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருக்கலாம், அப்புறம் அவர் முழு வரிசையும் நிற்காமல் போகலாம். மற்ற வரிசைகளுக்குக் காசு கொடுத்து முன்பதிவு செய்கிற லைட்னிங் லேன், டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் 7 நாள் முன்னால், வெளியே தங்கினால் 3 நாள் முன்னால், காலை 7 மணிக்குத் திறக்கும். நம் தட்கல்தான். அந்த வேலையைத் தம்பியிடம் கொடு, தீபாவளிக்குத் தட்கல் போட்டுப் பழகிய கை.

அதற்காக டிஸ்னி ஹோட்டலில் ஐந்து அறை எடுக்காதே. பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் ஏழு படுக்கையறை, சமையலறையோடு வீடு வாடகைக்குக் கிடைக்கிறது, அதையே பார். சம்பந்தியம்மாவுக்கு ராத்திரி ரசம் இல்லாமல் தூக்கம் வராது. பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. சப்பாத்தி, தயிர் சாதம், பிள்ளைகளுக்கு இட்லி. புளியோதரையை இந்த முறை அம்மா பிசையமாட்டாளாம்.

நாலு பூங்காவை ரெண்டாக்கு. மேஜிக் கிங்டம் ரெண்டு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள், நடுவில் ஒரு நாள் வீட்டில் படுத்துக் கிடப்பதற்கு. மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுத் திரும்பப் போகலாம் என்று எழுதியிருக்கிறாயே, மேஜிக் கிங்டத்தில் அது நடக்காது. காரை நிறுத்திவிட்டு ஏரியைத் தாண்டி படகிலோ மோனோ ரயிலிலோ போனால்தான் வாசலே வரும். போக வர அதற்கே பாதி மத்தியானம் போய்விடும்.

அம்மா விஷயம். சக்கர நாற்காலி அங்கே வாடகைக்கு உண்டு என்று சொன்னேன். “நான் என்ன நோயாளியா?” என்கிறாள். ஏர்போர்ட்டில் மட்டும் ஜம்மென்று ஏறி உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்துக் கையாட்டுவாள், அது வேறு கணக்காம். நீ நேரில் சொல், நான் சொன்னால் சண்டைதான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. மேஜிக் கிங்டத்தைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. சின்ன கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடிதான். விளையாட்டு ரயில் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு எஞ்சினும் நிஜம். 1916க்கும் 1928க்கும் நடுவில் பிலடெல்பியாவில் பால்ட்வின் கம்பெனி செய்தது. மெக்சிகோவில் யுகட்டானில் ஓடித் தேய்ந்து கிடந்ததை 1969இல் வாங்கிவந்து பழுது பார்த்திருக்கிறார்கள். இங்கே நம் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஊட்டி ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து வெளியே விட்ட அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ரயில் அன்று ஓடுகிறதா என்று முந்தின நாளே பார்த்துவை. உயரம் அளக்கமாட்டார்கள். என்னையும் சின்னவனையும் அதில் ஏற்றிவிட்டு, நீங்கள் பன்னிரண்டு பேரும் எங்கே வேண்டுமானாலும் போங்கள். 11 மணியிலிருந்து 1 மணி வரை அவன் என் பொறுப்பு, எழுதிக்கொள். அம்மா? அம்மா எங்களோடு வருவாள், ஜன்னலோரம் வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பெரியவனுக்குக் கோடு போட்டதும் போட்டோ அனுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கவும்.