மாடித்தோட்டச் சங்கம், வடசென்னை: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்களும் விதைப் பரிமாற்றமும் தடையின்றி நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி டெல்பினியம் வளர்ப்பில் சென்றதால், அதைப் பற்றியே விரிவாகத் தெரிவிக்கிறேன்.

டெல்பினியம் குளிர்ப்பகுதிச் செடி. முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் வட அரைக்கோளத்திலும் ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைகளிலும் வளர்கின்றன. இமயமலைச் சரிவுகளிலும் பல இனங்கள் உண்டு. ஆளுயரம் வளரும் பல்லாண்டு வகைகளுக்கு நம் கோடை ஒத்துவராது என்பதால், லார்க்ஸ்பர் எனப்படும் ஓராண்டு வகையை மட்டும் செயற்குழு தேர்ந்தெடுத்தது. நவம்பர் இறுதியில் விதைத்த தொட்டிகள் ஃபெஞ்சல் புயல் மழையில் அழுகிப்போக, குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த மீதி விதையை டிசம்பர் நடுவில் மறுபடி விதைத்தோம். ஆணிவேர் கொண்ட இச்செடி பிடுங்கி நடுவதைப் பொறுக்காது; நாற்று விடாமல் தொட்டியிலேயே நேரடியாக விதைத்து, வெளிச்சம் படாதபடி மண் மூடியவர்களுக்கே நல்ல முளைப்பு கிடைத்தது. இராயபுரம், தண்டையார்பேட்டை உறுப்பினர்கள் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியதில் இலை நுனிகள் கருகின. பெரம்பூரிலும் கொளத்தூரிலும் சேமித்த மழைநீர் பெற்ற செடிகள் பிப்ரவரி இறுதியில் பூத்தன.

அப்பூவை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். நீலமாக நம் கண்ணுக்குத் தெரிபவை இதழ்கள் அல்ல, மொட்டை வெளியே மூடியிருக்கும் உறுப்புகளான ஐந்து புல்லிகள். அவற்றுள் மேல்புல்லி பின்புறமாக நீண்டு கூரிய குழலாகிறது, தேன் அதன் அடியில் இருக்கிறது. உடல் பருத்த பம்பிள் தேனீ போன்ற நீண்ட நாக்குடையவையே அதை எட்டும். கதிரில் பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தம் தந்து, பிறகே மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியை விரிக்கிறது. தேனீயோ கீழ்ப்பூவில் தொடங்கி மேலே ஏறும் வழக்கமுடையது. ஆகவே அது பிற செடியின் மகரந்தத்தைக் கீழேயுள்ள முதிர்ந்த பூக்களில் சேர்த்துவிட்டு, உச்சியிலுள்ள இளம்பூக்களின் மகரந்தத்தை அடுத்த செடிக்குக் கொண்டு செல்கிறது. இவ்வளவு நேர்த்தியான பூவை நம் மொட்டை மாடியில் காண வாய்த்ததை இவ்வாண்டின் பெரும் பேறாகக் கருதுகிறேன். கலிபோர்னியாவின் சிவந்த இனங்களுக்குத் தேன்சிட்டளவே ஆன ஹம்மிங் பறவைகள் வருகின்றன.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. செடி முழுவதும், குறிப்பாக விதையும் இளந்தளிரும், ஆல்கலாய்டு நஞ்சு கொண்டவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் இதைத் தின்று மாடுகள் மடிவதுண்டு. நம் தெருக்களில் ஆடும் மாடும் திரிவதால், வெட்டிய தண்டுகளை வெளியே கொட்டாமல் மண்ணில் புதைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டினர் விதையைப் பூட்டி வைக்க வேண்டும்.

மார்ச் வெயிலில் செடிகள் காய்ந்துவிட்டன. நீலப் பூவை ஆண்டு முழுதும் விரும்புவோருக்குச் சங்குப்பூவையே பரிந்துரைக்கிறேன். டெல்பினியத்தின் பெயரால் வழங்கும் டெல்பினிடின் என்னும் நிறமியின் வழிப்பொருள்களே அதற்கும் நீலம் தருகின்றன, நம் மண்ணும் அதற்கு ஏற்றது. அடுத்த ஆண்டு லார்க்ஸ்பர் விதைப்பை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் டிசம்பரில் மட்டும் மேற்கொள்வது, சங்குப்பூ விதையை எல்லா உறுப்பினருக்கும் இலவசமாக வழங்குவது ஆகிய இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்