இலையைத் திருப்பிப் பார்

அன்பு மலையாண்டிக்கு,

உன் பொட்டலம் வியாழக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. கூரியர் கொண்டுவந்த தம்பி மோந்து பார்த்துவிட்டு, "உள்ளே என்ன சார், கீரையா?" என்று கேட்டார். நனைந்த செய்தித்தாளைப் பிரித்ததும் எங்கள் ராயபுரத்துக் கூடத்தில் சோலைக்காட்டு ஈர வாசனை வந்து உட்கார்ந்தது. காசிமேட்டுக் காற்றுக்கு எதிரே அது அரைமணி நேரம்தான் தாக்குப்பிடித்தது.

முதலில் திட்டு. மூன்று பெரணிகள் (ஃபெர்ன் செடிகள்) அனுப்பியிருக்கிறாய். ஒன்றிலாவது காம்பின் அடிப்பகுதி இருக்கிறதா? கொத்தமல்லி கிள்ளுவதுபோல் நுனியைக் கிள்ளிப் போட்டிருக்கிறாய். அடிக்காம்பில் இருப்பது செதிலா மயிரா என்று தெரிந்தாலே பாதிக் குடும்பங்களைக் கழித்துவிடலாம். பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே ஓடும் குழாய்கள் தெரியும். தெலிப்டெரிஸ் என்ற பெரணி வகையறாவில் அடிக்காம்பில் இரண்டு பட்டையான நாடாக்கள். டிரையாப்டெரிஸ் என்றால் வளைவாக வரிசைகட்டிய பல புள்ளிகள். இதையெல்லாம் காட்டிலேயே விட்டுவிட்டு வந்து, "என்ன செடி, சொல்" என்கிறாய்.

கைப்பேசியில் படம் எடுத்துக் கேட்டதற்கு மூன்றும் மரப்பெரணி என்று பதில் வந்ததாக எழுதியிருந்தாய். அது மேலேயிருந்து பார்த்துச் சொல்கிறது. சன்னமாக வெட்டுப்பட்ட இலை பெரணியில் எத்தனையோ குடும்பங்களுக்கு வாய்த்திருக்கிறது. முகத்தைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி. முதுகைப் பார்த்தால்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

திருப்பிப் பார்த்தேன். உன் முதல் இலையில் சோரஸ்கள், அதாவது ஸ்போர் (விதைக்குப் பதிலாகப் பெரணி தூவும் நுண்பொடி) இருக்கும் பைகளின் கொத்துகள், நரம்பை ஒட்டி நீளக் கோடுகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய மூடி. ஆஸ்பிளீனியம், சந்தேகமில்லை. இரண்டாவதில் வட்டப் பொட்டுகள், மேலே சிறுநீரக வடிவில் மூடி. டிரையாப்டெரிஸ் என்றுதான் படுகிறது, ஆனால் அடிக்காம்பு இல்லாமல் இனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்றாவது மட்டும் உண்மையிலேயே மரப்பெரணி. மூடியில்லாத பொட்டுகள் தலைகீழ் ஆங்கில 'V' போல் இரு சாய்வு வரிசைகளாக ஓடுகின்றன. காம்பு கரிபோல் கறுத்திருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். மூன்றில் ஒன்று சரி. கைப்பேசிக்கு அதற்குமேல் மதிப்பெண் தர மனமில்லை.

அந்த மரப்பெரணியின் பெயர்க் கதை உனக்குப் பிடிக்கும். முதலில் அல்சோஃபிலா ஜைஜான்டியா என்று பெயர் வைத்தார்கள். நாம் கல்லூரியில் படித்தபோது அது சயாத்தியா ஜைஜான்டியா. தேர்வில் அப்படித்தான் எழுதினோம். 2016இல் உலகப் பெரணி ஆய்வாளர்கள் மரபணுச் சான்றுகளை வைத்து, பெரணிகளும் அவற்றை ஒத்த செடிகளுமாக ஏறத்தாழ 11,900 இனங்களை 51 குடும்பங்களில் அடுக்கியபோது, பழைய அல்சோஃபிலா திரும்பி வந்துவிட்டது. இங்கே பலகையில் தங்கசாலை என்று எழுதியிருந்தாலும் ஷேர் ஆட்டோக்காரர் 'மின்ட், மின்ட்' என்றே கூவுகிறார். எனக்கும் வாயில் சயாத்தியாதான் வருகிறது.

வியாழன் இரவு உன் இரண்டாவது இலையை முதுகு கீழாக ஒரு நாட்காட்டித் தாளின் வெள்ளைப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். வீட்டில் கிடைத்த வசவை எழுதப்போவதில்லை. காலையில் இலையைத் தூக்கினால் தாளில் பழுப்பு ஸ்போர்ப் பொடியால் அதே இலை, நரம்பு தப்பாமல். பிறகு மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஸ்போர்ப் பைகளைச் சுற்றியிருக்கும் வளையம் சூட்டில் காய்ந்து மெல்லப் பின்னால் வளைகிறது, பிறகு சட்டென்று முன்னால் அடிக்கிறது. தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அப்படி. சத்தம் மட்டும் இல்லை. பெரும்பாலான இனங்களில் ஒரு பைக்கு 64 ஸ்போர்கள். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

கொல்லிமலைப் பயணம் நினைவிருக்கிறதா? ஒரே செடியின் பழுப்பு இலையைத் தனியாகவும் பச்சை இலையைத் தனியாகவும் ஒட்டி, இரண்டு இனம் என்று எழுதிக் கொடுத்து, வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தேன். அந்தச் செடியான டிரைனேரியாவில் பழுப்பு இலை சருகைப் பிடித்து மக்கவைக்க, பச்சை இலை உணவு தயாரிக்கவும் ஸ்போர் தாங்கவும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதே செடியின் தண்டுதான் முடவாட்டுக்கால். போன வாரம் இங்கே ஒரு தள்ளுவண்டியில் அதன் சூப் விற்றார்கள். தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஆட்டுக்கால் ரோமம்போல் செதில் அப்படியே இருந்தது. "சைவ ஆட்டுக்கால் சார்" என்றார் கடைக்காரர். கிழங்கு என்று விற்கிறார்கள், கிழங்கே இல்லை. குடித்தேன், மிளகு தூக்கல்.

எனக்கென்று இங்கே ஒரே பெரணிதான். பின்கட்டில் கழிவுநீர்க் குழாய் கசியும் இடத்தில், சுண்ணாம்புக் காரை பெயர்ந்த செங்கல் சந்தில் டெரிஸ் விட்டாட்டா. ஓரம் மடிந்து தானே மூடியாகி ஸ்போர்க் கோட்டை மறைத்திருக்கும். மண்ணிலிருக்கும் ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும் செடி என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். கொத்தனார் இதுவரை மூன்று முறை பிடுங்கிவிட்டார், மூன்று முறையும் முளைத்துவிட்டது. இந்த முறை குழாயை மட்டும் சரிசெய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பொட்டலத்துக்கு: உன் எஸ்டேட் ஓடைக்கரையோடு நிறுத்திக்கொள், காப்புக்காட்டுக்குள் கை வைக்காதே. இலையை அடியோடு எடு, செடியைப் பிடுங்காதே. நீளமாக இருந்தால் மடித்து, ஒரு பாதி முகமும் மறுபாதி முதுகும் தெரியும்படி செய்தித்தாளில் வை. மரத்தில் இருந்ததா, பாறையிலா, மண்ணிலா என்று துண்டுச்சீட்டில் எழுது. சுருண்ட குருத்து கிடைத்தால் அதையும் ஒன்று. இந்தத் தடவை தாளை நனைக்காதே.

உன்,
ராயபுரத்தான்