விரல்களுக்கு ஏற்ற கிட்டார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கிட்டாரைக் கையில் எடுக்கப் போகிறாய் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் இல்லாமல் விரல்களாலேயே நாட்டுப்பாடல் மெட்டுகளை வாசிக்க எப்படிப்பட்ட கிட்டார் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். இந்த விஷயத்தில் ஒருமுறை தவறு செய்துதான் நான் கற்றுக்கொண்டேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கியது ட்ரெட்நாட் என்ற, பெரிய உடலுள்ள கிட்டார். கடையில் ஒருவர் கோர்டுகளை ஓங்கி வாசித்துக் காட்டியபோது அறையே அதிர்ந்தது. அந்த முழக்கத்தைக் கேட்டே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விரல்களால் வாசித்தபோதுதான் குறை தெரிந்தது. கட்டைவிரல் தடித்த ஆறாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் மாறி மாறி மீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைக் கொண்டுவருவதுதான் நம் வாசிப்பு. ஆனால் அந்தக் கிட்டாரில் ஆறாம் தந்தியின் முழக்கம் அடங்குவதற்குள் இரண்டாம் தந்தியில் எழுந்த மெட்டு அதற்கு அடியில் மூழ்கிப்போனது. கிட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். 1916-இல் மார்ட்டின் நிறுவனம் முதன்முதலாகச் செய்த அந்த வடிவத்தின் வலிமையே அதன் பெரிய, கனத்த ஒலிதான். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

அதனால், இடுப்பு ஒடுங்கிய, அகன்ற பகுதியில் 15 அங்குலம் அளவுள்ள ஓ.எம். அல்லது ட்ரிபிள் ஓ வடிவங்களை முதலில் மடியில் வைத்துப் பார். பெர்ரி பெக்டல் என்ற பான்ஜோ கலைஞரின் வேண்டுகோளால் 1929-இல் உருவான ஓ.எம்., உடலுக்கு வெளியே கழுத்தில் 14 ஃபிரெட்டுகள் (விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகள்) உள்ள கிட்டார். அதில் தாழ்ந்த சுரங்கள் இறுக்கமாக ஒலித்து உடனே ஒதுங்கிக்கொள்வதால் மெட்டுக்கு இடம் கிடைக்கிறது. இரண்டுக்கும் உடல் ஏறக்குறைய ஒன்றே. வழக்கமாகத் தந்தியின் நீளம்தான் மாறும். ஓ.எம்.-இல் 25.4 அங்குலம், ட்ரிபிள் ஓ-வில் 24.9 அங்குலம். சுருதியை இறக்கி டி-ஏ-டி-ஜி-ஏ-டி (ஆறாம் தந்தி முதல் ஒன்றாம் தந்தி வரையான சுரங்கள்) போன்ற ட்யூனிங்கில் வாசிக்க விரும்பினால் நீளமானதே நல்லது. தந்தி தளர்ந்து தொளதொளக்காது. விரல் எட்டவில்லை, தந்தியை அழுத்தச் சிரமமாக இருக்கிறது என்றால் குட்டையானது.

உடலைவிட முக்கியமாக நான் நினைப்பது நட்டின் அகலம். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்திருக்கும் சிறு பட்டைதான் நட்டு. பல கிட்டார்களில் அது 43 மில்லிமீட்டர். விரல்வாசிப்புக்கென்று செய்தவற்றில் பெரும்பாலும் 44.5. ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டவன்தான். சி கோர்டைப் பிடித்துப் பார்: குறுகிய நட்டில், இரண்டாம் தந்தியை அழுத்தும் ஆள்காட்டி விரலின் சதை முதல் தந்தியில் உரசி, அதன் ஒலியை அமுக்கிவிடும். எல்லாத் தந்திகளையும் ஒருசேர ஓங்கி ஸ்ட்ரம் செய்யும்போது இது காதில் விழாது. ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டும்போது, மெட்டின் நடுவே ஒரு பல் விழுந்ததுபோல் தெரியும். வலக்கைக்கும் இதே கணக்குத்தான்: தந்திகள் உடலோடு பொருந்தும் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 55 முதல் 58 மில்லிமீட்டர் இருந்தால் விரல்கள் ஒன்றையொன்று இடிக்காது.

மரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருக்கட்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மேல்பலகைக்கான மரங்களில் சிடார் மெல்லிய தொடுதலுக்கே வாய் திறக்கும், ஆனால் பலமாக மீட்டினால் ஓர் எல்லைக்கு மேல் போகாது. ஸ்ப்ரூஸ் இன்னும் பலத்தைத் தாங்கும். உன் கை எனக்கு நினைவிருக்கிறது. நகத்தைவிட விரல்நுனிச் சதையால்தான் அதிகம் வாசிப்பாய், அதுவும் மென்மையாக. உனக்குச் சிடார் பொருந்தும் என்றே தோன்றுகிறது. பின்பலகையும் பக்கப்பலகையும் ரோஸ்வுட்டா மஹோகனியா என்பதை உன் காது முடிவு செய்யட்டும்.

பழைய கிட்டார் கிடைத்தால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார். ஆறாம் தந்தி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. அதைவிட மிகவும் உயர்ந்தும், பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சாடில் பட்டை ஏற்கெனவே தேய்க்கப்பட்டுத் தாழ்ந்தும் இருந்தால், கழுத்தையே கழற்றிக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது பெரிய வேலை. அந்தக் கிட்டாரை விட்டுவிடு.

கடையில் யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லாதே. ஓர் ஓரமாக உட்கார்ந்து, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மெட்டை எல்லாக் கிட்டார்களிலும் வாசி. இரவில் வீட்டார் தூங்கும்போது வாசிக்கும் அளவுக்கு மெதுவாக வாசி. அப்போதும் கட்டைவிரலின் ஒலியும் மெட்டும் தனித்தனியே கேட்கிறதா என்று கவனி. இரண்டு மூன்று கிட்டார்களைப் பார்த்த பிறகு, நட்டின் அகலத்தையும் மேல்பலகையின் மரத்தையும் குறித்து எனக்கு எழுது. நீ பணம் கொடுப்பதற்குள் பதில் போட்டுவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்